டீஃபால்ட் கெர்னலில் எஸ்எம்பி ஆன் இருக்க வேண்டுமா, ஆஃப் இருக்க வேண்டுமா?

கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். பழைய 32-பிட் டெஸ்க்டாப்கள், புதிய மினி பிசிக்கள், சில ஏஆர்எம் போர்டுகள் என்று கலவையான மெஷின்களுக்கு நீங்கள் லினக்ஸ் இமேஜ் தயாரிக்கிறீர்கள். அதன் மையப் பகுதியான கெர்னலைக் கட்டும்போது கொடுக்கும் கான்ஃபிகில் எஸ்எம்பி, அதாவது ஒன்றுக்கு மேற்பட்ட பிராசசரைப் பயன்படுத்தும் வசதி, ஆன் இருக்க வேண்டுமா ஆஃப் இருக்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள். ஒரு கோர் மட்டும் உள்ள மெஷினில் 'என்' (அதாவது ஆஃப்) கொடுத்தால் வேகமாக ஓடும் என்று அந்த ஆப்ஷனின் உதவிக் குறிப்பே சொல்வதுதான் உங்கள் குழப்பத்துக்குக் காரணம்.

இதை வேகம் பற்றிய கேள்வியாக நான் பார்க்கவில்லை. மெஷின் எது என்று தெரிந்தால் டீஃபால்ட் என்ற பேச்சுக்கே இடமில்லை, பார்த்து முடிவு செய்துவிடலாம். இமேஜ் போய்ச் சேரும் மெஷின் எது என்று தெரியாதபோது எந்தப் பக்கம் தவறினால் பரவாயில்லை என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. என் பதில்: ஆன். விதிவிலக்குகள் உண்டு, அவற்றில் ஒன்று உங்களுக்கும் பொருந்தலாம். டிஸ்ட்ரோவுக்கு, அதாவது லினக்ஸ் தொகுப்புக்கு, கெர்னல் பேக்கேஜ் கட்டுவதிலும் புது போர்டுகளைப் பூட் செய்ய வைப்பதிலும் வருடக்கணக்காக இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

எஸ்எம்பி-யை ஆஃப் செய்தால் கெர்னல் எப்படி மாறுகிறது என்று பார்ப்போம். கெர்னல் முழுக்க ஸ்பின்லாக்குகள், அதாவது ஒரே டேட்டாவை இரண்டு கோர்கள் ஒரே நேரத்தில் தொடாமல் காத்திருக்க வைக்கும் பூட்டுகள், இருக்கின்றன. ஒரு கோர் மட்டும்தான் என்று கம்பைல் செய்யும்போதே தெரிந்துவிட்டால் அவை கிட்டத்தட்ட காணாமல் போகும். தனியாக ஒருவர் குடியிருக்கும் வீட்டில் குளியலறைக்குத் தாழ்ப்பாள் எதற்கு? பிரீஎம்ப்ஷன் (ஓடும் வேலையை நடுவில் நிறுத்தி வேறொன்றை ஓட்டுவது) ஆன் இருந்தால் அதை நிறுத்திவைக்கும் வரி மட்டும் மிஞ்சும். இன்டரப்ட்டை (கவனி என்று ஹார்டுவேர் அனுப்பும் சிக்னலை) நிறுத்தும் வகை ஸ்பின்லாக் என்றால் இன்டரப்ட்டை நிறுத்தும் வேலை மட்டும் மிஞ்சும். சிபியு வாரியாகப் பிரித்து வைக்கும் டேட்டா சாதாரண வேரியபிள் ஆகிவிடும். மற்ற கோர்களை எழுப்பும் கோட், கோருக்குக் கோர் இன்டரப்ட் அனுப்பும் கோட், ஒரு கோரில் பேஜ் டேபிள் (மெமரி முகவரி அட்டவணை) மாறினால் மற்ற கோர்களின் டிஎல்பி-யை (அந்த அட்டவணையிலிருந்து கோர் எடுத்து வைத்திருக்கும் நகலை) துடைக்கச் சொல்லும் கோட் எதுவும் தேவைப்படாது. எக்ஸ்86-ல் (இன்டெல், ஏஎம்டி வகை சிப்களில்) இன்னொரு லாபமும் உண்டு. ஒரு எண்ணை நடுவில் வேறு கோர் குறுக்கிடாமல் கூட்டிக் குறைக்க அந்த இன்ஸ்ட்ரக்‌ஷனுக்கு முன்னால் லாக் ப்ரிஃபிக்ஸ் என்று ஒரு பைட் போடுவார்கள், ஹெக்ஸில் எஃப்0. ஒரே கோர் என்றால் அந்தப் பைட்டும் வேண்டாம்.

ஒரு பைட்தானே என்று தோன்றும். பென்டியம் 4 காலத்தில் அந்த ஒரு பைட் போட்ட இன்ஸ்ட்ரக்‌ஷன் நூறு சைக்கிள் அளவுக்குக்கூடப் போகும், போடாதது ஒரு சில சைக்கிளில் முடியும். கெர்னலில் ஒவ்வொரு சிஸ்டம் காலிலும் இப்படிப் பல இடங்கள் வரும். ஆகவே உதவிக் குறிப்பில் உள்ள அந்த வரி பொய்யில்லை. எழுதப்பட்ட காலத்தில் அது முழு உண்மை. லினக்ஸில் எஸ்எம்பி வந்தது 1996-ல் வெளியான 2.0 பதிப்பில். அப்போது கெர்னல் முழுவதையும் ஒரே பெரிய லாக்கால் பூட்டி, ஒரு நேரத்தில் ஒரு பிராசசர்தான் உள்ளே வரலாம் என்று வைத்திருந்தார்கள். அந்தப் பெரிய லாக்கின் கடைசி மிச்சம் ஒழிந்தது 2011-ல் வந்த 2.6.39-ல்தான். இரண்டு சாக்கெட் உள்ள மதர்போர்டு சர்வர் அறையில் மட்டும் இருந்த அந்த நாட்களில் ஆஃப்தான் நியாயமான டீஃபால்ட்.

அதனால் எல்லாருமே இரண்டு கெர்னல் கொடுத்தார்கள். டெபியனில் ஒரே பதிப்புக்குச் சாதாரணப் பேக்கேஜ் ஒன்று, பெயரின் கடைசியில் எஸ்எம்பி ஒட்டிய பேக்கேஜ் இன்னொன்று. விண்டோஸ் 2000, எக்ஸ்பி-யிலும் இதே கதைதான். சிடியில் ஒற்றைப் பிராசசருக்கு ஒரு கெர்னல் ஃபைல், பல பிராசசருக்கு வேறு ஃபைல் என்று இருக்கும், இன்ஸ்டால் ஆகும்போது மெஷினைப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்ளும். பின்னால் யாராவது டூயல் கோர் சிப் வாங்கி மாட்டினால் பல நேரங்களில் இரண்டாவது கோர் கண்ணிலேயே படாது. டிவைஸ் மேனேஜரில் கம்ப்யூட்டர் என்ற தலைப்பின் கீழ் ஏசிபிஐ யூனிபிராசசர் என்று இருப்பதைத் தேடிப்பிடித்து மாற்ற வேண்டியிருக்கும்.

லினக்ஸ் பக்கம் தொல்லை வேறு மாதிரி. இரண்டு கெர்னல் என்றால் ஒவ்வொரு வெளி டிரைவருக்கும் இரண்டு மாட்யூல் (கெர்னலில் பிறகு ஏற்றும் ஃபைல்) வேண்டும். மாட்யூல் ஃபைலுக்குள் அது எந்தக் கெர்னலுக்குக் கட்டப்பட்டது என்று ஒரு வரி இருக்கும். பதிப்பு எண், அடுத்து எஸ்எம்பி என்ற சொல், அப்புறம் பிராசசர் வகை. ஓடும் கெர்னலின் வரியில் எஸ்எம்பி இல்லை, மாட்யூலின் வரியில் இருக்கிறது என்றால், மற்ற எல்லாம் எழுத்துப் பிசகாமல் பொருந்தினாலும் 'இன்வாலிட் மாட்யூல் ஃபார்மட்' என்று திருப்பி அனுப்பிவிடும். அது வீண் கெடுபிடி இல்லை. எஸ்எம்பி இருந்தால் ஸ்பின்லாக்கின் அளவு மாறும், அதை உள்ளே வைத்திருக்கும் ஸ்ட்ரக்சர்களின் அளவும் மாறும். மாட்யூல் தவறான இடத்தில் எழுதி மெமரியைக் குதறிவிடும். இந்த விஷயத்தில் இன்னொரு ஓஎஸ்ஸான ஃப்ரீபிஎஸ்டி-காரர்கள் அழகாக ஒரு வேலை செய்திருந்தார்கள். ஒற்றைப் பிராசசர் கெர்னலில் லாக் ப்ரிஃபிக்ஸை விட்டுவிடுவார்கள், ஆனால் மாட்யூலாகக் கட்டும்போது மட்டும் எப்போதும் போடுவார்கள். கொஞ்சம் வேகம் போனாலும், ப்ரிஃபிக்ஸ் விடுபட்ட மாட்யூல் பல பிராசசர் கெர்னலில் ஏறிவிடும் ஆபத்து இல்லை.

2002 நவம்பரில் ஹைப்பர்த்ரெடிங் (ஒரு கோரை இரண்டாகக் காட்டும் வசதி) உள்ள பென்டியம் 4 வந்தது. 2005-ல் பென்டியம் டி-யும் ஆத்லான் 64 எக்ஸ்2-வும் டூயல் கோரைச் சாதாரண மேசைக்குக் கொண்டுவந்தன. அதோடு கணக்கு தலைகீழானது. ஆனாலும் கோடிக்கணக்கான ஒற்றைக் கோர் மெஷின்கள் புழக்கத்தில் இருந்தன, அவற்றை மெதுவாக்கவும் மனமில்லை. 2006-ல் 2.6.17 கெர்னலில் வந்த எஸ்எம்பி ஆல்டர்நேட்டிவ்ஸ் என்ற ஏற்பாடு இந்த முடிச்சை அவிழ்த்தது. கம்பைல் செய்யும்போது லாக் ப்ரிஃபிக்ஸ் இருக்கும் ஒவ்வொரு இடத்தின் முகவரியையும் ஒரு பட்டியலில் எழுதி வைத்துக்கொள்வார்கள். பூட் ஆகும்போது ஒரே ஒரு சிபியுதான் என்று தெரிந்தால், கெர்னல் அந்தப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு தன் கோடுக்குள் தானே போய் எஃப்0 பைட்களை மாற்றி எழுதிவிடும். முதலில் அந்த இடத்தில் எதுவும் செய்யாத நோ-ஆப் பைட்டை, ஹெக்ஸில் 90, வைத்தார்கள். பிறகு 3இ என்ற செக்மென்ட் ப்ரிஃபிக்ஸுக்கு மாறினார்கள். அதற்கும் இங்கே எந்த விளைவும் இல்லை, ஆனால் அது அதே இன்ஸ்ட்ரக்‌ஷனின் பகுதியாகவே இருந்துவிடும், தனி இன்ஸ்ட்ரக்‌ஷனாகப் பிரிந்து நிற்காது.

இதை நீங்களே பார்க்கலாம். ஒரே ஒரு விர்ச்சுவல் சிபியு கொடுத்து ஒரு விஎம் (விர்ச்சுவல் மெஷின்) பூட் செய்து கெர்னல் லாகை எடுத்துப் பாருங்கள். பழைய கெர்னல்களில் 'எஸ்எம்பி ஆல்டர்நேட்டிவ்ஸ்: ஸ்விட்சிங் டு யூபி கோட்' என்ற வரி இருக்கும், யூபி என்றால் ஒற்றைப் பிராசசர். ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது சிபியு சேர்த்தால் எஸ்எம்பி கோடுக்குத் திரும்பியதாக இன்னொரு வரி வரும். ஒரு முறை அப்படித் திரும்பிய பிறகு, சிபியுவைக் கழற்றினாலும் இன்றைய கெர்னல் மறுபடி ஒற்றைக் கோர் கோடுக்குப் போகாது. பல கோர் உள்ள உங்கள் லேப்டாப்பில் இந்த வரிகள் இருக்காது. 'ஃப்ரீயிங் எஸ்எம்பி ஆல்டர்நேட்டிவ்ஸ் மெமரி' என்று சில கிலோபைட் கணக்கு மட்டும் இருக்கும். அந்தப் பட்டியல் இனி தேவையில்லை என்று தூக்கிப் போட்டதுதான் அது. இந்த ஏற்பாடு வந்த பிறகு டெபியன் 2007-ல் வெளியிட்ட எட்ச் பதிப்பில் 686 வகை 32-பிட் சிப்களுக்கான கெர்னலுக்குத் தனி எஸ்எம்பி பேக்கேஜ் கிடையாது, ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும் என்றானது. ஃப்ரீபிஎஸ்டி 7.0, 2008-ல், எஸ்எம்பி-யைத் தன் ஜெனரிக் கெர்னலிலேயே சேர்த்துக்கொண்டது.

சரி, அப்படியானால் ஒற்றைக் கோரில் எஸ்எம்பி கெர்னல் ஓடினால் இழப்பே இல்லையா? இருக்கிறது. ப்ரிஃபிக்ஸ் போனாலும் லாக் எடுக்கும் கோட் அங்கேயேதான் இருக்கும், அது காணாமல் போவதில்லை. கெர்னல் இமேஜ் பெரிதாகும். எக்ஸ்86-ல் அதிகபட்ச சிபியு எண்ணிக்கையை நிர்ணயிக்கும் ஆப்ஷனின் குறிப்பு, ஒவ்வொரு சிபியுவுக்கும் இமேஜில் சுமார் 8 கிலோபைட் கூடும் என்கிறது. இதில் பலர் கோட்டை விடுகிறார்கள். எஸ்எம்பி ஆன் என்பதை விட இந்த எண் எவ்வளவு என்பதுதான் சின்ன மெஷினில் அதிகம் உறைக்கும். 64-பிட் எக்ஸ்86-க்கு அது டீஃபால்ட்டாக 64, 32-பிட்டுக்கு 8, 32-பிட் ஏஆர்எம்முக்கு 4. பெரிய சர்வர்களையும் மனதில் வைத்துக் கட்டும் டிஸ்ட்ரோ கெர்னல்களில் 8192 வரை போகும். எந்தெந்த சிபியு என்று குறிக்கும் மாஸ்க் ஒன்றுக்கே அப்போது 1 கிலோபைட் ஆகிறது, கெர்னல் ஸ்டாக் மொத்தமே 16 கிலோபைட். அதனால் அந்த மாஸ்க்கை ஸ்டாக்கில் வைக்காமல் வெளியே வைக்க இன்னொரு ஆப்ஷன் தேவைப்பட்டது. டிஸ்ட்ரோ கான்ஃபிகை அப்படியே காப்பியடித்து 256 எம்பி மெஷினில் ஏற்றிவிட்டு எஸ்எம்பி-யைத் திட்டுவதில் நியாயமில்லை.

எத்தனை சதவீதம் மெதுவாகும் என்பதற்கு ஒரே எண்ணை யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும் புரோகிராம் கெர்னலுக்குள் அதிகம் வராது, அதற்கு வித்தியாசமே தெரியாது. சின்னச் சின்ன நெட்வொர்க் பாக்கெட்களை ஆயிரக்கணக்கில் கடத்தும் ரவுட்டர் கெர்னலுக்குள்ளேயே குடியிருக்கும், அங்கே தெரியும். எவ்வளவு தெரியும் என்பது உங்கள் சிப்பையும் உங்கள் வேலையையும் பொறுத்தது, அதை அளந்துதான் சொல்ல முடியும்.

இப்போது மறுபக்கம். எஸ்எம்பி ஆஃப் செய்த கெர்னலை நான்கு கோர் மெஷினில் ஏற்றினால் என்ன ஆகும்? அருமையாகப் பூட் ஆகும். ஒரு எர்ரர் இல்லை, ஒரு வார்னிங் இல்லை. மூன்று கோர் சும்மா கிடக்கும், அவ்வளவுதான். நான் பார்த்த ஒரு அலுவலகத்தில் ஃபைல் சர்வர் சாயங்காலம் ஆனால் திணறுகிறது என்று டிஸ்க்கை மாற்றினார்கள், நெட்வொர்க் ஸ்விட்சை மாற்றினார்கள். யாரோ டாப் கமாண்டைத் திறந்து 1 என்ற கீயை அழுத்தியபோது சிபியு வரிசை நான்காகப் பிரியாமல் ஒன்றாகவே நின்றதைப் பார்த்துத்தான் விஷயம் புரிந்தது. ஆஃப் என்ற டீஃபால்ட்டில் எனக்குப் பிடிக்காதது இந்த மௌனம்தான். எஸ்எம்பி-யை வைத்துக்கொண்டு ஒற்றைக் கோரில் ஓடினால் சிறு இழப்பு, அளந்து பார்க்கலாம். இல்லாமல் நான்கு கோரில் ஓடினால் முக்கால்வாசி இழப்பு, யாரும் அளக்கப் போவதில்லை.

விதிவிலக்குகளுக்கு வருகிறேன். உதவிக் குறிப்பில் இன்னொரு வரியும் இருக்கிறது, அதை யாரும் கவனிப்பதில்லை. எஸ்எம்பி கெர்னல் பல ஒற்றைப் பிராசசர் மெஷின்களில் ஓடும், எல்லாவற்றிலும் அல்ல என்கிறது அது. இங்கேதான் மௌனமாக இல்லாத தோல்வி வரும், பூட்டே ஆகாது. 32-பிட் ஏஆர்எம்மில் எஸ்எம்பி கெர்னலில் இருக்கும் சில இன்ஸ்ட்ரக்‌ஷன்கள் ஒற்றைக் கோர் சிப்பில் தோற்றுப்போகும். அதற்கென்றே எஸ்எம்பி ஆன் யூபி என்று ஓர் ஆப்ஷன் உண்டு. பூட் ஆகும்போது கெர்னல் தன்னைத் தானே திருத்தி அந்த இடங்களைச் சரிசெய்துகொள்ளும். அதை ஆஃப் செய்தால் மிச்சமாவது சுமார் 1 கிலோபைட். அந்த 1 கிலோபைட்டுக்கு ஆசைப்பட வேண்டாம். 64-பிட் ஏஆர்எம்மில் உங்களுக்கு முடிவெடுக்கும் வேலையே இல்லை, அங்கே எஸ்எம்பி எப்போதும் ஆன்தான், அணைக்க வழியில்லை.

உங்கள் பட்டியலில் ராஸ்பெர்ரி பை இருந்தால் அங்கே ஒரு நல்ல உதாரணம் கிடைக்கும். முதல் பை-யும் பழைய பை ஜீரோவும் ஒற்றைக் கோர், ஏஆர்எம்வி6 என்ற பழைய தலைமுறை. 2015-ல் வந்த பை 2-லிருந்து நான்கு கோர். எல்லாவற்றுக்கும் ஒரே எஸ்டி கார்டு இமேஜ்தான், ஆனால் பூட் பார்ட்டிஷனில் பல கெர்னல் ஃபைல்கள் இருக்கும். போர்டைப் பார்த்து ஃபர்ம்வேர் சரியானதை எடுத்துக்கொள்ளும். பை ஜீரோவில் யூநேம் கமாண்டு கொடுத்தால் பதிப்பு வரியில் எஸ்எம்பி என்ற சொல் இருக்காது, பை 3-ல் இருக்கும். ஓபன்பிஎஸ்டி-யும் இதே வழிதான். ஒற்றைக்கு ஒரு கெர்னல், பலவற்றுக்கு ஒன்று, இன்ஸ்டாலர் கோர்களை எண்ணிப் பார்த்துப் பொருத்தமானதை டீஃபால்ட்டாக வைக்கும், மற்றதையும் பக்கத்திலேயே போட்டுவைக்கும். ஏதாவது கோளாறு என்றால் பூட் ப்ராம்ப்ட்டில் ஒற்றைக் கெர்னலின் பெயரை அடித்து உள்ளே வந்துவிடலாம். எனக்குப் பிடித்த ஏற்பாடு இது, ஆனால் இரண்டு கெர்னலையும் கட்டி, சோதித்து, அப்டேட் கொடுத்துக்கொண்டே இருக்க ஆள் வேண்டும். உங்கள் குழு சிறியது என்கிறீர்கள், யோசித்துக்கொள்ளுங்கள். மைக்ரோகன்ட்ரோலர் உலகம் முற்றிலும் வேறு. அங்கே ஓடும் ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற சின்ன ஓஎஸ் தன் 11-ஆம் பதிப்பில் எஸ்எம்பி-யை மெயின் கெர்னலில் சேர்த்தபோதும் கோர் எண்ணிக்கையின் டீஃபால்ட்டை ஒன்றாகவே வைத்தது. அங்கே மெஷின் எது என்று கட்டுகிறவருக்குத் தெரியும், அதனால் அது சரி.

ஆஃப் வேண்டும் என்பவர்கள் சொல்லும் காரணங்களில் நான் மதிப்பது ஒன்றுதான்: டிரைவர். சிப் விற்பனையாளர் கொடுக்கும் வெளி டிரைவர்களில் இப்படி ஒரு வழக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரு க்யூவில் கை வைக்கும் முன் லோக்கல் இன்டரப்ட்டை நிறுத்துவார்கள், வேலை முடிந்ததும் திரும்ப விடுவார்கள், லாக் என்று எதுவும் இருக்காது. ஒரே கோர் என்றால் இது போதும், குறுக்கே வரக்கூடியது இன்டரப்ட் மட்டும்தான், அதையும் நிறுத்தியாயிற்று. இரண்டு கோர் என்றால் இங்கே இன்டரப்ட்டை நிறுத்தியது அடுத்த கோருக்குத் தெரியாது, அது பாட்டுக்கு உள்ளே வந்து அதே க்யூவைத் தொடும். வாரத்துக்கு ஒரு முறை மெஷின் உறைந்து நிற்கும், காரணம் பிடிபடாது. இப்படிப்பட்ட டிரைவர் உங்களிடம் இருந்து, சோர்ஸும் கைவசம் இல்லை என்றால், அந்தப் போர்டுக்கு மட்டும் ஆஃப் செய்யுங்கள், நான் தடுக்க மாட்டேன். சோர்ஸ் இருந்தால் அந்த இடங்களை இன்டரப்ட்டையும் சேர்த்து நிறுத்தும் ஸ்பின்லாக்காக மாற்றி, 2006-ல் 2.6.18-ல் வந்த லாக்டெப் என்ற சோதனை வசதியை ஆன் செய்து ஓட்டிப் பாருங்கள். லாக் எடுக்கும் வரிசை முறை தவறினால் உறைவதற்கு முன்பே அது சொல்லிவிடும். லாக்கே போடாத இடத்தை அது காட்டாது, அதற்குக் கண்ணால்தான் படிக்க வேண்டும்.

ஃபீல்டில் ஒரு மெஷின் இப்படி மாட்டிக்கொண்டால் வேறு கெர்னல் தேட வேண்டாம். பூட் லைனில் மேக்ஸ்சிபியுஸ் சமம் 1 என்று கொடுத்தால் போதும். நோஎஸ்எம்பி என்றும் ஒன்று உண்டு, ஆனால் எக்ஸ்86-ல் அது ஐஓ-ஏபிக்கையும் (இன்டரப்ட்டுகளைக் கோர்களுக்குப் பிரித்து அனுப்பும் பகுதியையும்) சேர்த்து அணைத்துவிடும், இன்டரப்ட் வழிகள் மாறி வேறு சிக்கல் கிளம்பும். அதைக் கொடுத்துவிட்டு நெட்வொர்க் கார்டு போய்விட்டது என்று புலம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆன் செய்த கெர்னலை இப்படி ஒரு சொல்லால் ஒற்றைக் கோருக்கு இறக்கலாம். ஆஃப் செய்து கட்டியதை எந்தச் சொல்லாலும் ஏற்ற முடியாது, திரும்பக் கம்பைல்தான்.

இன்னொரு விஷயம், இது 2025-ல் நடந்தது. 6.17 கெர்னலில் ஷெட்யூலர் (எந்த வேலை எப்போது எந்தக் கோரில் ஓடும் என்று தீர்மானிக்கும் பகுதி) எப்போதும் எஸ்எம்பி-யோடுதான் கம்பைல் ஆகும் என்று மாற்றிவிட்டார்கள். எஸ்எம்பி ஆஃப் என்ற ஆப்ஷன் இன்னும் இருக்கிறது, ஸ்பின்லாக் காணாமல் போவதும் இருக்கிறது, ஆனால் ஷெட்யூலரில் ஒற்றைக் கோருக்கென்று இருந்த தனிக் கோட் போயிற்று. கெர்னல் எழுதுகிறவர்களின் மெஷின் எல்லாம் பல கோர், ஆஃப் செய்து கட்டிப் பார்ப்பவர்கள் குறைவு, அந்தப் பக்கம் உடைந்தால் தெரியவரத் தாமதமாகும். ஆப்ஷனையே எடுத்துவிடுவார்களா என்பது ஊகம். மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன், சின்னச் சாதனங்கள் செய்பவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். ஆனால் ஆஃப்பில் கிடைக்கும் லாபம் பதிப்புக்குப் பதிப்பு சுருங்கும் என்பதை எதிர்பார்த்துக்கொள்ளலாம்.

ஆக உங்கள் கலவைக்கு நான் செய்வது இது. எக்ஸ்86 இமேஜ்கள் இரண்டிலும் எஸ்எம்பி ஆன், சிபியு எண்ணிக்கை 32-பிட்டில் 8, 64-பிட்டில் உங்கள் மினி பிசிக்களைப் பொறுத்து 16 அல்லது 32. 486 வகை மெஷின் ஏதாவது இன்னும் உயிரோடு இருந்தால் அதற்குத் தனியாகக் கட்டுங்கள், பொதுக் கெர்னலை அதற்காக வளைக்காதீர்கள். ஏஆர்எம்வி7 போர்டுகளுக்கு எஸ்எம்பி-யும் எஸ்எம்பி ஆன் யூபி-யும் ஆன், ஏஆர்எம்வி6 இருந்தால் தனிக் கெர்னல், அதில் ஆஃப். பிறகு உங்களிடம் இருப்பதிலேயே மெதுவான ஒற்றைக் கோர் மெஷினில் ஆன், ஆஃப் இரண்டையும் ஒரே கம்பைலரில், மற்ற ஆப்ஷன்கள் மாறாமல் கட்டி ஓட்டிப் பாருங்கள். ஒரு பெரிய டைரக்டரியைக் காப்பி செய்வது, நெட்வொர்க்கில் நிறையச் சின்ன ஃபைல்களை இழுப்பது மாதிரி கெர்னலுக்குள் அதிக நேரம் போகும் வேலையைக் கொடுங்கள். ஒவ்வொன்றையும் பல முறை ஓட்டிப் பார்த்து, ஓட்டத்துக்கு ஓட்டம் வரும் சிதறலை விட வித்தியாசம் பெரிதாக இருந்தால் எண்களோடு இங்கேயே எழுதுங்கள், அந்த மெஷினுக்கு மட்டும் மறுபடி பேசுவோம்.